இளம்பிள்ளை சேலை, சேலத்துக் கொலுசு: ஆன்லைனில் காசு கட்டும் முன் எதைப் பார்ப்பது?

5 அக்டோபர் 2025, காலை 9.10
அம்மாப்பேட்டை வாசகி கேட்டது:

தீபாவளிக்கு நம்ம சேலம் பக்கத்து இளம்பிள்ளை சேலை எடுக்கலாம்னு இன்ஸ்டாகிராம்ல ஒரு பக்கம் பார்த்துட்டு இருக்கேன். "தறி விலையில் நேரடியாக"ன்னு போட்டிருக்காங்க. தனியா வெப்சைட் இருக்கு, அதுல பூட்டுப் படம் இருக்கு, கீழே ஜிஎஸ்டி நம்பர் இருக்கு, 18,000 பேர் ஃபாலோ பண்றாங்க. சுத்தப் பட்டு, மூணு சேலை 1,499 ரூபாய். முழுப் பணமும் முன்னாடியே ஜிபேல அனுப்பணுமாம். இவ்வளவும் இருந்தா நம்பலாம்தானே அண்ணா?

5 அக்டோபர், காலை 11.40

இப்போதைக்குக் கட்டாதீங்க. பூட்டுப் படத்துக்கு ஒரே அர்த்தம்தான்: உங்க போனுக்கும் அந்த வெப்சைட்டுக்கும் நடுவில் போகிற தகவலை வேறு யாரும் படிக்க முடியாது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதற்கு அது சாட்சி இல்லை. அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே சில நிமிடத்தில் கிடைக்கும், திருடனுக்கும் கிடைக்கும். ஃபாலோயர் காசுக்கு விற்கிற சரக்கு. ஜிஎஸ்டி எண் உதவும், ஆனால் சரிபார்த்தால்தான்.

நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். முழுப் பணம், முன்கூட்டியே, யுபிஐ-யில். யார் பெயருக்குப் போகிறது?

அதைப் பார்க்கக் காசு செலவில்லை. அவர்கள் கொடுத்த யுபிஐ ஐடியைப் போடுங்கள், அல்லது கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள். பின் நம்பர் போடும் முன்னால் ஒரு பெயர் வரும். முன்பெல்லாம் வாங்குபவர் தானே வைத்துக்கொண்ட பெயர்கூட அங்கே வரும். 2025 ஜூன் 30-க்குள் வங்கிக் கணக்கில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்று யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ சொல்லிவிட்டது. அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு பின்னால் வந்துவிடுங்கள். பணம் செலுத்தும் பட்டனை அழுத்தாதவரை ஒரு ரூபாயும் போகாது. கடையின் பெயரோ, ஜிஎஸ்டி பதிவில் உள்ள உரிமையாளர் பெயரோ வந்தால் மேற்கொண்டு பேசலாம். சம்பந்தமே இல்லாத ஒருவர் பெயர் வந்து, கேட்டால் "அது எங்க அக்கவுண்டன்ட்" என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

5 அக்டோபர், இரவு 8.05

ஜிஎஸ்டி எண் படிக்கும் விதம். மொத்தம் 15 இடம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். ஆறாவது இடத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள்: பி (P) என்றால் தனி ஆள், எஃப் (F) என்றால் கூட்டு வியாபாரம், சி (C) என்றால் கம்பெனி. வெப்சைட்டில் பிரைவேட் லிமிடெட் என்று போட்டுவிட்டு ஆறாவது எழுத்து பி என்று இருந்தால், அந்த எண் அந்தக் கம்பெனியுடையது கிடையாது.

பிறகு ஜிஎஸ்டி தளத்தில் "சர்ச் டேக்ஸ்பேயர்" என்ற இடத்தில் எண்ணைப் போடுங்கள், லாகின் தேவையில்லை. சட்டப்படியான பெயர், வியாபாரப் பெயர், பதிவான தேதி, கடை முகவரி, பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, எல்லாம் வரும். ரிட்டர்ன் தாக்கல் செய்த பட்டியலும் அங்கேயே கிடைக்கும். போன மாதம் பதிவாகி ஒரு ரிட்டர்ன்கூடப் போடாத எண்ணை வைத்துக்கொண்டு "மூன்று தலைமுறை நெசவு" என்று எழுதியிருந்தால் நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

6 அக்டோபர், காலை 7.30

நேற்று இரவு எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, திருத்திக்கொள்கிறேன். எண் சரியாக இருக்கிறது என்பதால் அது அவர்களுடைய எண் என்று ஆகாது. சேலம் செவ்வாய்பேட்டையிலோ இளம்பிள்ளையிலோ உண்மையாகக் கடை நடத்துபவரின் பில்லில் இருந்து எண்ணை எடுத்துத் தன் வெப்சைட்டில் ஒட்டிக்கொள்வது மிக எளிது. சரிபார்த்தால் சரி என்றுதான் வரும்.

ஆகவே மூன்று பெயரை ஒன்றோடு ஒன்று பொருத்த வேண்டும்: ஜிஎஸ்டி பதிவில் உள்ள பெயர், பணம் போகும் கணக்கின் பெயர், பார்சல் அனுப்புபவர் பெயர். திருடன் முதலாவதைக் காப்பியடிக்கலாம். இரண்டாவதைக் காப்பியடிக்க முடியாது, ஏனென்றால் பணம் அவனுக்கு வந்தாக வேண்டும்.

யுபிஐ இல்லாமல் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி-யும் கொடுத்தால் இன்னும் நல்லது. ஐஎஃப்எஸ்சி 11 இடம்: முதல் நான்கு எழுத்து வங்கி, ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறு கிளை. அதைத் தேடினால் கணக்கு எந்த ஊரில் என்று தெரிந்துவிடும். கடை இளம்பிள்ளையில், கணக்கு வேறு மாநிலத்து ஊர் ஒன்றில் என்றால் காரணம் கேளுங்கள். வெளியூர்க் கணக்கு வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் மோசடிக்காரருக்கு வாடகைக்கு விடப்பட்ட கணக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடும்.

6 அக்டோபர், மதியம் 1.15

வெப்சைட்டின் வயது. "ஹூ ஈஸ்" (whois) தேடலில் முகவரியைப் போட்டால் பதிவான தேதி வரும். பண்டிகைக்கு ஆறு வாரம் முன்னால் பிறந்த தளம் என்றால் கையை எடுங்கள். முகவரியை இடமிருந்து படிக்காதீர்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு இடப்பக்கம் கடைசியாக என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் சொந்தக்காரர். அதற்கும் முன்னால் எந்தப் பெரிய கம்பெனியின் பெயரை வேண்டுமானாலும் யாரும் எழுதிக்கொள்ளலாம்.

இன்ஸ்டாகிராமில் பக்கத்தின் மூன்று புள்ளியைத் தொட்டு "இந்தக் கணக்கைப் பற்றி" என்பதில் பாருங்கள். பல கணக்குகளுக்குச் சேர்ந்த மாதம், நாடு, முன்பு வைத்திருந்த பெயர்கள் எத்தனை என்பதெல்லாம் காட்டும். ஃபேஸ்புக்கில் அதே வேலையைப் "பக்கத்தின் வெளிப்படைத்தன்மை" செய்கிறது. நேற்றுவரை சினிமா மீம்ஸ் பக்கமாக இருந்து இன்று சேலைக் கடையானால் 18,000 ஃபாலோயர் எங்கிருந்து வந்தார்கள் என்பது புரிந்துவிடும். கமென்ட் மூடப்பட்டிருந்தால் காரணம் யோசிக்க வேண்டியதே இல்லை.

படங்களைக் கூகுள் லென்ஸில் போடுங்கள். ஒரே சேலை பத்துப் பக்கத்தில் வந்தால் அது மட்டும் மோசடி ஆகாது. ரீசெல்லர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் போடுவார்கள். ஆகவே கேட்க வேண்டியது வேறு: "இன்றைய தேதியும் என் பெயரும் எழுதிய துண்டுச் சீட்டைச் சேலை மேல் வைத்து, முந்தானையைப் பிரித்துக் காட்டி வீடியோ அனுப்புங்க." சரக்கு கையில் இருப்பவருக்கு ஒரு நிமிட வேலை.

6 அக்டோபர், இரவு 10.20

விலையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். இளம்பிள்ளையில் விசைத்தறியில் ஓடும் சாஃப்ட் சில்க் பெரும்பாலும் செயற்கை இழை. அதைச் செயற்கை இழை என்று சொல்லி 500, 600-க்கு விற்பது நேர்மையான வியாபாரம், நம்ம ஊர்க்காரர்களின் பிழைப்பு. அதே சேலையைச் "சுத்தப் பட்டு" என்று விற்பதுதான் ஏமாற்று. மூன்று சுத்தப் பட்டுச் சேலை 1,499 என்பது நூல் விலைக்கே கட்டாது.

பட்டு என்றால் சில்க் மார்க் சீட்டு கேளுங்கள், மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் கொடுப்பது. வந்த சேலையைச் சோதிக்க, பாவிலிருந்து (நீளவாட்டு நூல்) இரண்டு இழை, ஊடையிலிருந்து (குறுக்கு நூல்) இரண்டு இழை தனித்தனியாக உருவிக் கொளுத்துங்கள். பட்டு முடி கருகும் வாடை அடிக்கும், சாம்பல் விரலில் நசுங்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். காகிதம் எரிகிற வாடை வந்தால் பருத்தி, அல்லது ரேயான். இரண்டு பக்கமும் ஏன் என்றால், பாவு பட்டாகவும் ஊடை வேறாகவும் இருக்கலாம், ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் தப்பாகிவிடும்.

8 அக்டோபர், காலை 6.50

"வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் விற்கும் பெண்களை எல்லாம் திருடர் ஆக்கிவிட்டீர்கள், அவர்களுக்கு ஏது ஜிஎஸ்டி?" என்று கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு வியாபாரம் 40 லட்சம் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. எண் இல்லை என்பது குற்றச்சாட்டு ஆகாது, இல்லாத எண்ணைப் போடுவதுதான் குற்றம்.

சிறு தொழில் பதிவான உத்யம் சான்றிதழை அனுப்பி நம்பச் சொல்பவர்களும் உண்டு. அது இலவசம், சுய அறிவிப்பில் கிடைப்பது. வியாபாரம் செய்வதாக ஒருவர் சொல்லியிருக்கிறார் என்பதற்கு மட்டும் ஆதாரம்.

வீட்டில் விற்கும் அக்காக்களுக்குச் சொல்கிறேன்: பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும், கணவர் அல்லது தம்பி கணக்கு வேண்டாம். ஃபோனை எடுத்துப் பேசுங்கள். தபால் நிலையத்தில் விபிபி-யாக அனுப்பினால் வாங்குபவர் தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பெற்றுக்கொள்வார், உங்களுக்குப் பணம் வந்து சேரும். புது வாடிக்கையாளரின் பயம் அதிலேயே பாதி போய்விடும்.

8 அக்டோபர், இரவு 9.00

மொத்தமாக எடுத்து விற்பவர்களுக்குத் தனியாக எழுத வேண்டும். "முதலில் சின்ன ஆர்டர் போட்டுப் பார்" என்பது எல்லோரும் சொல்வது. சில்லறைக்கு அது போதும். ஹோல்சேலில் அதே புத்திமதிதான் பொறி. ஐந்து சேலை கேட்டால் ஒழுங்காக, சொன்ன தேதிக்கு முன்பே அனுப்புவார்கள். அடுத்த வாரம் "மில் குளோசிங், 200 பீஸ், இன்று இரவுக்குள் பணம்" என்று செய்தி வரும். முதல் ஐந்து சேலையின் விலை அவர்களுக்குத் தூண்டில் புழு.

200 பீஸ் எடுக்கிறவர் சேலத்திலிருந்து ஒரு பஸ் ஏறி இளம்பிள்ளைக்கே போய்ச் சரக்கைத் தொட்டுப் பார்த்து எடுக்கலாம். வெளியூர்க்காரர் என்றால் லாரி ஆபீஸில் சரக்கைப் போட்டு, அவர்கள் கொடுக்கும் எல்ஆர் (சரக்கு) ரசீதின் படம் வந்தபின் மிச்சப் பணம் என்று பேசுங்கள். அந்த ரசீது எண்ணை லாரி ஆபீஸுக்கே போன் செய்து, கட்டு எத்தனை, எடை எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். லாரி ஆபீஸ் நம்பரையும் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

11 அக்டோபர், காலை 10.10

கொலுசு பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். "சேலம் வெள்ளிக் கொலுசு, 92.5, ஜோடி 999" விளம்பரம். 92.5 என்றால் நூற்றில் அத்தனை பங்கு வெள்ளி. முதலில் எடை கேளுங்கள். எடையே போடாத கொலுசு விளம்பரத்தில் மேற்கொண்டு பார்க்க எதுவுமில்லை. எடையைச் சொன்னால் அன்றைய கிராம் விலையால் பெருக்கி 0.925-ஆல் பெருக்குங்கள். செய்கூலி, சேதாரம் சேர்க்காமலேயே விளம்பர விலையைத் தாண்டினால் அது வெள்ளி கிடையாது.

ஜெர்மன் சில்வரில் பெயரில்தான் வெள்ளி. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. காந்தத்தை வைத்துப் பார் என்று வீடியோவில் சொல்கிறார்கள். ஜெர்மன் சில்வரும் பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது. காந்தத்தால் இரும்பைத்தான் பிடிக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது தண்ணீர்ச் சோதனை. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். கொலுசை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது கொலுசு விலக்கிய தண்ணீரின் எடை. 50 கிராம் கொலுசு 92.5 வெள்ளியாக இருந்தால் சுமார் 4.8 காட்டும். ஜெர்மன் சில்வர் 5.7, 5.8 காட்டும். சலங்கைக்குள் காற்று நின்றால் கணக்கு கெடும், தண்ணீருக்குள்ளேயே நன்றாகக் குலுக்கிவிடுங்கள். கல் பதித்தது என்றால் இந்தச் சோதனை வேண்டாம்.

11 அக்டோபர், மாலை 5.35

மேலே எழுதியதற்கு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர்ச் சோதனையில் வெள்ளியே இல்லாததைப் பிடிக்கலாம். டச், அதாவது வெள்ளியின் சதவீதம், குறைந்ததைப் பிடிக்க முடியாது. வெள்ளியோடு செம்பு கலந்த 60 டச் கொலுசு அதே 50 கிராமில் 5.1 காட்டும், 92.5-க்கு 4.8. அந்த 0.3 கிராம் வித்தியாசத்தை வீட்டுத் தராசை நம்பிச் சொல்லக் கூடாது. செவ்வாய்பேட்டையில் டச் பார்க்கும் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் மிஷின் மேல்பரப்பைத்தான் படிக்கும். கெட்டியாக முலாம் பூசியிருந்தால் ஏமாந்துவிடும். மறைவான இடத்தில் லேசாக அரத்தால் தேய்த்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹால்மார்க்: 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் ஆறு இடக் குறியீடான எச்யூஐடி வந்திருக்கிறது, ஆனால் கட்டாயமில்லை. முத்திரை இல்லாத கொலுசு திருட்டுக் கொலுசு என்று அர்த்தம் இல்லை. "ஹால்மார்க் உண்டு" என்று சொல்பவரிடம் அந்த ஆறு எழுத்தைக் கேட்டு, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். தர மறுத்தால் அந்தப் பேச்சை நம்பாதீர்கள்.

13 அக்டோபர், காலை 8.00

பார்சல் வந்ததும் பணம் கொடுக்கும் சிஓடி என்றால் பத்திரம் என்று இங்கே மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. பணம் கொடுத்தபிறகுதான் பெட்டியைப் பிரிக்க விடுவார்கள். உள்ளே கிழிசல் துணி இருந்தால் டெலிவரி செய்யும் பையனுக்கு அதில் சம்பந்தமே இல்லை, அவரிடம் சண்டை போடாதீர்கள். கூரியர் கம்பெனி விற்பவருக்குப் பணத்தைச் சில நாள் கழித்துத்தான் கொடுக்கும். அன்றே அவர்களின் வாடிக்கையாளர் சேவைக்குப் பார்சல் எண்ணோடு புகார் எழுதினால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஒரு வாரம் கழித்து எழுதினால் கிடையாது.

பிரிக்கும்போது ஒரே வீடியோவாக எடுங்கள், நடுவில் நிறுத்தாமல். லேபிளில் ஆரம்பித்து, ஆறு பக்கத்தையும் காட்டி, பிரிக்கும் முன் தராசில் எடை காட்டி, பிறகு வெட்டுங்கள். லேபிளில் அச்சான எடையும் தராசு எடையும் ஒத்துப்போனால், வழியில் யாரும் மாற்றவில்லை, அனுப்பியவரே இதைத்தான் அனுப்பினார் என்று வாதிடலாம்.

யாருமே ஆர்டர் போடாத சிஓடி பார்சல் வயதானவர்கள் தனியாக இருக்கும் நேரத்தில் வருவதும் உண்டு. என்னென்ன வர வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். அதில் இல்லாததற்கு அப்பா அம்மா பணம் கொடுக்க வேண்டியதில்லை.

13 அக்டோபர், காலை 8.25

"முகவரி சரியில்லை, 5 ரூபாய் கட்டினால் பார்சல் வரும்" என்று தபால் துறை பெயரில் வரும் எஸ்எம்எஸ் பொய். பத்து இலக்க நம்பரிலிருந்து வந்தாலே பொய். அதிலுள்ள லிங்கையோ, செயலியை நிறுவும் ஏபிகே கோப்பையோ தொடாதீர்கள். அந்தக் கோப்பு உங்கள் ஓடிபி-களைப் படித்து அனுப்பிவிடும், போவது 5 ரூபாயோடு நிற்காது.

14 அக்டோபர், இரவு 7.45

தீபாவளி விடுமுறைக்கு ஏற்காட்டில் காட்டேஜ் தேடுபவர்கள் கேட்டதால் சேலையை விட்டு மலை ஏறுகிறேன். வேலை ஒன்றுதான்: அடுத்தவர் விடுதியின் படம், பாதி முன்பணம், தனி ஆள் யுபிஐ. கூடவே ஒரு தந்திரம். மேப்பில் உள்ள விடுதியின் போன் நம்பரை "திருத்தம் சொல்" வழியாக மாற்றிவிடுவார்கள். விடுதி உண்மை, விமர்சனம் உண்மை, போன் எடுப்பவன் மட்டும் பொய். ஆகவே பழைய விமர்சனங்களில் இருக்கும் பெயர்ப்பலகைப் படத்தைப் பெரிதாக்கி அதிலுள்ள நம்பரை எடுத்துப் பேசுங்கள்.

வீடியோ கால் கேட்டால் "மலையில் சிக்னல் இல்லை" என்பார்கள். சில இடங்களில் அது நிஜம்தான், அதனால்தான் அந்தப் பொய் எடுபடுகிறது. அப்படியானால் வழி கேளுங்கள். அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வர வேண்டுமா, குப்பனூர் வழி கிட்டவா, ஏரியிலிருந்து எந்தப் பக்கம், எந்தப் பஸ் வாசலில் நிற்கும்? ஏற்காட்டில் இருப்பவர் யோசிக்காமல் சொல்வார். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதி என்றால் கழகத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

17 அக்டோபர், அதிகாலை 5.40

நேற்று இரவு பணம் போய்விட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தம்பி, இதைப் படித்து முடிக்காதீங்க, முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போடுங்க. மற்றதை லைனில் காத்திருக்கும்போது படியுங்கள்.

கையில் வேண்டியது: யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, தேதி, நேரம், உங்கள் வங்கி, அவனுடைய யுபிஐ ஐடி. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு ஓடிக்கொண்டிருக்கும். ஏடிஎம்மில் எடுக்கும் முன் 1930 வழியாக வங்கிக்குத் தகவல் போனால் இருக்கிற இடத்தில் முடக்குவார்கள். அதனால்தான் நேரம் முக்கியம். போனில் சொன்னது மட்டும் போதாது, கொடுக்கிற ஒப்புகை எண்ணை வைத்து 24 மணி நேரத்துக்குள் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரை முழுதாக நிரப்ப வேண்டும். உங்கள் வங்கிக்கும் தனியாக எழுத்தில் கொடுங்கள்.

அவனை பிளாக் செய்யும் முன் வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இன்ஸ்டாகிராம் பக்கத்தின் முகவரியைக் காப்பி எடுங்கள், வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. காவல் நிலையம் போவதானால் சேலத்தில் மாநகரத்துக்கு ஒரு சைபர் கிரைம் நிலையம், மாவட்டத்துக்கு ஒன்று. அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி மாநகரம். இளம்பிள்ளை, ஏற்காடு மாவட்டம்.

17 அக்டோபர், காலை 9.30

"மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வங்கியே முழுப் பணமும் தரும்" என்று கீழே ஒருவர் எழுதியதை நம்பி இருக்க வேண்டாம். 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த அந்த விதி, உங்கள் அனுமதி இல்லாமல் மூன்றாமவர் எடுத்த பணத்துக்கு. நீங்களே பின் போட்டு அனுப்பியதற்கு அது பொருந்தாது. முடக்கிய பணம் திரும்பி வரவும் மாதங்கள் ஆகலாம்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கதை வேறு. பொருள் வரவில்லை என்று வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்கலாம். தெரியாத கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கார்டில் கட்டச் சொல்வது இதற்காகத்தான்.

கடை உண்மை, ஆள் உண்மை, ஆனால் மட்டமான சரக்கை அனுப்பிவிட்டுத் திருப்பி எடுக்க மறுக்கிறார் என்றால் 1930 வேண்டாம், நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள்படி விற்கும் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சேலம் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

24 அக்டோபர், மாலை 6.10

தீபாவளி முடிந்ததும் அடுத்த கூட்டம் வரும். பணம் இழந்தவர்களைத் தேடி, "சைபர் கிரைமிலிருந்து பேசுகிறோம், உங்கள் தொகை மீட்கப்பட்டது, 10 சதவீதம் கட்டினால் விடுவிப்போம்" என்பார்கள். நீங்கள் எவ்வளவு, எந்தத் தேதியில் இழந்தீர்கள் என்பதைச் சரியாகச் சொல்வார்கள், ஏனென்றால் எடுத்ததே அவர்கள்தான், அல்லது எடுத்தவனிடம் பட்டியல் வாங்கியவர்கள். 1930-ஓ காவல்துறையோ பணம் திருப்பித் தரப் பணம் கேட்காது. "ரீஃபண்ட் வாங்க இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்றாலும் இதேதான். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். ஆளுக்கு ஆள் பணம் கேட்கும் கலெக்ட் கோரிக்கையை அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்திவிட்டதால் இனி இந்தக் கியூஆர் வழியைத்தான் அதிகம் பிடிப்பார்கள். அப்படிப் பேசிய நம்பரைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் கொடுத்துவிடுங்கள்.

24 அக்டோபர், மாலை 6.30

அம்மாப்பேட்டை வாசகிக்கு: நீங்கள் அனுப்பிய அந்த ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்தேன். பதிவு இருக்கிறது, ஆனால் அது ஒரு ஹார்டுவேர் கடை. அந்தக் கடைக்காரருக்கே விஷயம் தெரியாமல் இருக்கலாம். பதிவில் உள்ள முகவரிக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். தன் எண் திருடப்பட்டதாக அவர் புகார் கொடுத்தால், அந்த வெப்சைட்டை மூட வைப்பது உங்களைவிட அவருக்குச் சுலபம்.